மூன்றாவது வாக்குறுதி

அத்தியாயம் 11

வக்கீல் நெல்லையப்ப பிள்ளை சட்டசபைக்கு நிற்பதென்று முடிவு செய்த அன்றைக்கே அவர் வீட்டில் இரண்டு தேர்தல்கள் தொடங்கிவிட்டன என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். ஒன்று திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபைக்கு. அதற்குக் குடைச் சின்னம், குடை ஒட்டிய பெட்டி, வோட்டுப் போடும் தேதி எல்லாம் உண்டு. மற்றது வீட்டுக்குள்ளே நடப்பது. அதற்குச் சின்னமும் கிடையாது, தேதியும் கிடையாது. அதில் எதிரெதிராக நிற்பவர்கள் வக்கீலின் மனைவி பகவதியம்மாளும், வக்கீலின் தம்பி அழகியநம்பியின் மனைவி சரோஜமும்.

தான் போட்டியில் நிற்கிறோம் என்பதே சரோஜத்துக்குத் தெரியுமோ தெரியாதோ. பகவதியம்மாளுக்கு நன்றாகத் தெரியும்.

நோட்டீஸ் கட்டுகள் அச்சாபீஸிலிருந்து வந்து இறங்கியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். 'குடைச் சின்னம் நெல்லையப்ப பிள்ளையின் ஏழு வாக்குறுதிகள்.' தமிழில் ரோஸ் காகிதம், மலையாளத்தில் மஞ்சள் காகிதம். தமிழ் நோட்டீஸை வக்கீல் வாயால் சொல்லச் சொல்ல எழுதினவள் பகவதியம்மாள். தெற்கே தமிழ்த் தாலூக்காவில் தாழக்குடியில் பிறந்து, ஐந்தாம் கிளாஸோடு நின்றவள். தமிழ் எழுத்து முத்து முத்தாக வரும், மலையாளம் பேச வரும், படிக்க வராது. மலையாள நோட்டீஸை எழுதினவள் சரோஜம். கரமனையில் பிறந்து, திருவனந்தபுரத்திலேயே இண்டர்மீடியட் வரை படித்தவள். அவளுக்கு இரண்டும் வரும்.

ஏழு வாக்குறுதிகளில் மூன்றாவதை மட்டும் பகவதியம்மாள் தன்னுடையது என்றே வைத்திருந்தாள். 'தெற்கே உள்ள தமிழ்த் தாலூக்காக்கள் அந்த மக்களின் விருப்பப்படி சென்னை ராஜ்யத்தோடு சேரப் பாடுபடுவேன்.' தாழக்குடியில் அவளுடைய அண்ணன் அதற்காக ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். அவள் வாய்விட்டுக் கேட்டு, வக்கீல் யோசித்து, பிறகு 'எழுதிக்கோ' என்று சொன்ன வரிகள் அவை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கேட்டு அவர் எழுதச் சொன்ன ஒரே சங்கதி.

நோட்டீஸ் வந்த பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, வக்கீல் காபி குடித்துக்கொண்டிருந்தார். மாலையில் மணக்காட்டு ரோட்டோரத் தென்னந்தோப்பில் பந்தல் போட்டுப் பெண்கள் கூட்டம். ஏழு வாக்குறுதிகளையும் மைக்கில் வாசித்துச் சொல்ல ஒரு ஸ்திரீ வேண்டும்.

பகவதியம்மாள் டம்ளரை வாங்கப் போகிறவள் போல் பக்கத்தில் போய் நின்றாள்.

"கேட்டேளா, சாயங்காலம் நான் வாசிக்கட்டா?"

"நீயா?" வக்கீல் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ரெண்டு பாஷைக்காரங்களும் வருவாங்க. சரோஜம்னா ஒண்ணொண்ணையும் ரெண்டு பாஷையிலயும் சொல்லிருவா. நீ முன் வரிசையில இரி. நிறைவா இருக்கும்."

நிறைவாக இருக்குமாம். திரியில்லாத குத்துவிளக்கைக் கொண்டுவைத்தால்கூட நிறைவாகத்தான் இருக்கும்.

அவள் பதில் சொல்வதற்குள் அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "சரோஜம், பள்ளிக்கூடச் சம்பளம் விஷயத்துக்கு மலையாளத்தில என்ன வார்த்தை போட்டோம்?"

"இதா வாறேன் அத்தான்."

போட்டோம் என்கிறார். இந்த 'போட்டோம்' பகவதியம்மாளின் நெஞ்சில் போய்த் தைத்தது. தமிழ் நோட்டீஸைப் பற்றிப் பேசும்போது அவர் 'உங்கிட்டச் சொன்னேனே' என்பார். அவருடைய 'போட்டோம்' எல்லாம் சரோஜத்தோடுதான்.

இன்னொன்றும் உண்டு. புருஷனைக் கூப்பிட பகவதியம்மாளுக்கு ஒரு சொல் கிடையாது. 'கேட்டேளா' என்றுதான் இந்த இருபத்திரண்டு வருஷமும் ஓடியிருக்கிறது. புருஷனுடைய அண்ணனை 'அத்தான்' என்று கூப்பிடுகிற முறை சரோஜத்துக்கு இருக்கிறது. ஒரு நாளைக்கு முப்பது தடவை, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிடுகிறாள். முறைதான், தப்பொன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு 'அத்தானு'க்கும் பகவதியம்மாளுக்கு வயிறு எரிந்தது. அழகியநம்பி கொல்லத்தில் முந்திரிக் கம்பெனியில் வேலை பார்க்கிறான், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வருகிறான். மற்ற ஆறு நாளும் சரோஜத்தின் படிப்பும் சாமர்த்தியமும் இந்த வீட்டுக்குத்தான்.

பகவதியம்மாள் குங்குமச் சிமிழையும் சந்தனக் கிண்ணத்தையும் ரோஸ் நோட்டீஸ்களையும் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு ஸ்ரீவராகத்துக்குக் கிளம்பினாள்.

தட்டு அவளுடைய சொந்த யோசனை. வோட்டுக் கேட்க யாரும் தட்டோடு போவதில்லை. அவள் போனாள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் விளிக்கப் போகிற முறை அது. வீட்டுப் பெண்பிள்ளைக்குச் சந்தனம் குங்குமம் கொடுத்து, உட்கார்ந்து, இரண்டு வார்த்தை பேசி, அப்புறம்தான் விஷயம். தட்டோடு வருகிறவளை 'போய்ட்டு அப்புறம் வாங்க' என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து நாளில் நூற்றெழுபது வீடு ஏறியிருந்தாள். இது எந்த மைக்குக்கும் தெரியாது.

ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்தில் நாலாவது வீடு லலிதாம்பாளுடையது. புருஷன் செக்ரட்டேரியட்டில் சூப்பரிண்டெண்டு. லலிதாம்பாள் பேப்பர் படிக்கிறவள், கேள்வி கேட்கிறவள்.

"வாங்கோ, உக்காருங்கோ" என்று குங்குமத்தை எடுத்து இட்டுக்கொண்டாள். "கல்யாணத்துக்குக் கூப்பிடற மாதிரின்னா வந்திருக்கேள்."

"கல்யாணந்தான் மாமி. இன்னும் பத்து நாள்ல முகூர்த்தம். நீங்க வந்து குடை ஒட்டின பெட்டியில ஒரு சீட்டு போட்டாப் போரும்."

"போடலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்." லலிதாம்பாள் உள்ளே போய் ஒரு மஞ்சள் காகிதத்தோடு வந்தாள். "நேத்திக்கு எங்காத்துக்காரர் ஆபீஸ் விட்டு வரச்சே கிழக்கேகோட்டையில ஆரோ கையில கொடுத்தாளாம். நான் ரெண்டையும் பக்கத்துல வெச்சுண்டு படிச்சேன். உங்க ரோஸ் காயிதத்துல மூணாவதா என்ன இருக்கு?"

பகவதியம்மாள் படிக்காமலே சொன்னாள். "தமிழ்த் தாலூக்கா எல்லாம் மெட்ராஸோட சேரதுக்குப் பாடுபடுவேன்னு."

"சரி. இந்த மஞ்சள்ல மூணாவதா என்ன இருக்கு தெரியுமோ? திருவிதாங்கூர் மண்ணுல ஒரு பிடியைக்கூட வேற ராஜ்யத்துக்குப் பிரிச்சுக் கொடுக்க சம்மதிக்க மாட்டேன்னு இருக்கு. நான் கதை சொல்றதா நினைக்காதீங்கோ, வாசிக்கறேன் கேளுங்கோ."

வாசித்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் காதால் கேட்டால் பகவதியம்மாளுக்குப் புரியும். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

"எனக்கு மெட்ராஸும் வேண்டாம், கொச்சியும் வேண்டாம். சித்திரை மாசத்துல குழாயைத் திருகினா வெள்ளம் வரணும், அவ்வளவுதான்" என்றாள் லலிதாம்பாள். "ஆனா வோட்டுக் கேக்கற மனுஷன் ஏதாவது ஒரு பக்கம் நிக்கணுமோன்னோ? சாயங்காலம் கூட்டத்துக்கு வரேன். அங்கேயே கேக்கறேன்."

புருஷனுடைய மானம் தெருவில் கிடக்கிறது. அந்த இடத்தில் ஒரு மனைவிக்குப் பயம் வந்திருக்க வேண்டும். பகவதியம்மாளுக்கு வந்தது சந்தோஷம். நாம் மறைப்பானேன், உள்ளங்கால் வரைக்கும் இனிக்கிற சந்தோஷம்.

அவர் வாயால் சொன்னதை அவள் கையால் எழுதியிருக்கிறாள். அதில் சந்தேகமே இல்லை. அப்படியானால் மஞ்சளில் மாற்றி எழுதினது யார்? படித்த கை, இரண்டு பாஷையும் வருகிற கை. தெற்குச் சீமையைக் கண்டால் எப்போதும் ஒரு சிரிப்புச் சிரிக்கிற கரமனைக்காரி. தன் இஷ்டத்துக்கு எழுதிவிட்டு, 'அத்தான் அத்தான்' என்று குழைகிறாள். கையும் களவுமாக அகப்பட்டாள்.

"இந்த மஞ்சள் காயிதத்தை நான் கொண்டுபோகட்டா மாமி?"

"பேஷாக் கொண்டுபோங்கோ."

ஐந்தாவது வீட்டுக்கு ஏறாமல் பகவதியம்மாள் திரும்பினாள். தட்டில் சந்தனம் பாதிக்கு மேல் மீதி இருந்தது.

வீட்டில் முன்னறையில் கமிட்டி கூடியிருந்தது. கமிட்டி என்றால் இரண்டு பேர்தான். சாலைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற பிச்சையா பிள்ளை, தமிழ் வோட்டுகளுக்குப் பொறுப்பு. ஐயப்பன் பிள்ளை மலையாளத்துக்காரர், மணக்காடு பக்கத்து வோட்டுகளுக்குப் பொறுப்பு. இரண்டு பேரும் ஒருவர் நோட்டீஸை ஒருவர் படித்ததே இல்லை. ஒன்றின் மொழிபெயர்ப்புதானே மற்றது, அதைப் போய் எதற்குப் படிப்பது?

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று பகவதியம்மாளுக்குத் தோன்றாமல் இல்லை. தனியாகச் சொன்னால் அவர் சிரித்து மழுப்பிவிடுவார், சரோஜம் 'கை தப்பிட்டுக்கா' என்பாள், சாயங்காலம் மைக்கும் அவளுக்கே போகும். அவள் நேரே முன்னறைக்குள் நுழைந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க இந்த ரோஸ் காயிதத்தில மூணாவதை உரக்க வாசியுங்கோ. ஐயப்பன் சாரு மஞ்சளில மூணாவதை வாசிக்கட்டு."

"என்ன பகவதி இது?" என்றார் வக்கீல்.

"வாசிக்கட்டு. ஸ்ரீவராகத்தில கேக்காங்க."

பிச்சையா பிள்ளை வாசித்தார். ஐயப்பன் பிள்ளை வாசித்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் வக்கீலைப் பார்த்தார்கள்.

சரோஜம் அப்போதுதான் மோர் டம்ளர்களோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"இது என்ன ஏற்பாடு சாரே?" ஐயப்பன் பிள்ளையின் குரல் இறங்கியிருந்தது. "எங்க ஆளுங்க இந்த ரோஸ் காயிதம் கண்டா ஒரு வோட்டு கிட்டாது. எனக்கு அங்கே முகம் காட்டவும் ஒக்காது."

"எங்க ஆளுக மஞ்சளைப் பாத்தா மட்டும் மாலை போடுவாங்களாக்கும்" என்றார் பிச்சையா பிள்ளை.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டால் துடைத்தார். கோர்ட்டில் சாட்சி பிறழ்கிறபோது அவர் செய்கிற காரியம் அது. துடைத்துக்கொண்டே நிமிர்ந்து, ஒரே ஒரு தடவை, சரோஜத்தைப் பார்த்தார்.

"தமிழில இருந்து மலையாளத்தில ஆக்கும்போது தப்பு வந்திருக்கு" என்றார். "பெண்பிள்ளைகிட்ட விட்டது என் பிசகு. நான் பாக்காம அச்சுக்குப் போயிட்டு."

சரோஜம் டம்ளர்களை மேஜையில் வைத்தாள். "என் தப்புதான் அத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஐயப்பன் பிள்ளை விடவில்லை. "அப்பம் சாரோட அபிப்பிராயம் எது?"

"அது டில்லியில தீர்மானிக்க வேண்டிய விஷயம். நாம என்னத்துக்கு வாயைக் கொடுக்கணும்? ரெண்டு நோட்டீஸிலயும் மூணாவதை எடுத்திரலாம். மஞ்சள் கட்டைப் பூரா அடுப்பில போட்டிருங்க. சாயங்காலம் யாராவது கேட்டா, மொழிபெயர்ப்பில வந்த தப்புன்னு சொன்னாப் போரும்." வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பகவதி, நீயே வாசிச்சிரு. சரோஜம் வேண்டாம்."

பகவதியம்மாள் ஜெயித்துவிட்டாள். வோட்டு எண்ணாமலே ஜெயித்துவிட்டாள். அந்த நேரத்தில் மூன்றாவது வாக்குறுதி போனதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. அண்ணன் ஞாபகமும் வரவில்லை. மைக் அவளுக்கு, அது போதும்.

ஆனால் ஒன்று மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. அந்தப் பார்வை. சரோஜத்தைப் பார்த்த அந்த ஒரு பார்வையில் கோபம் இருந்திருக்க வேண்டும். கோபம் இல்லையே. அவர் பார்த்தது கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அவள் 'என் தப்புதான்' என்றதும் அவர் முகம் இளகினது. பகவதியம்மாளை அவர் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.

மஞ்சள் கட்டுகளை வெந்நீர் அடுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அவளேதான். வேறு யாரிடமும் கொடுக்க மனசில்லை. முதல் கட்டின் சணலை அறுத்தாள். மேலே ஒரு வெள்ளைத் தாள் மடித்துச் செருகியிருந்தது. அச்சடித்து முடித்தால் கையால் எழுதிக் கொடுத்த மூலத்தைக் கட்டோடு வைத்துத் திருப்பி அனுப்புவது அந்த அச்சாபீஸின் வழக்கம்.

பிரித்தாள். சரோஜத்தின் குண்டு குண்டான மலையாள எழுத்து. ஒன்று, இரண்டு வரை ஒரு அடித்தல் கிடையாது. மூன்றாவதில் இரண்டு வரிகளைக் குறுக்கே அடித்து, மேலே வேறு கை எழுதியிருந்தது. கறுப்பு மை, முன்னால் சாய்ந்த எழுத்து, வரி முடிவில் ஒரு சுழிப்பு.

எழுத்துப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன, கையைத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கை எழுதின கேஸ் கட்டுகளைத் தூசி தட்டி அடுக்கி வைத்தவள் அவள்தான்.

அடுப்பு தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. பகவதியம்மாள் அந்தத் தாளை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு சமையலறைக்குப் போனாள். சரோஜம் தேங்காய் திருகிக்கொண்டிருந்தாள்.

"இது யார் கை?"

சரோஜம் திரும்பிப் பார்த்தாள். திருகுவதை நிறுத்தவில்லை. "விடுங்கக்கா. அது எரிஞ்சு போயிருக்கணும்."

"நீ தமிழில இருந்ததை அப்படியேதானே எழுதியிருந்தே? அவிய அடிச்சு மாத்தியிருக்காவ."

"மலையாள வோட்டு இல்லாம நடக்காதுன்னு அத்தான் சொன்னாவ. தமிழ்ல உள்ளவங்க மஞ்சளைப் படிக்க மாட்டாங்க, அங்க உள்ளவங்க ரோஸைத் தொட மாட்டாங்கன்னு நெனச்சாவ. சாயங்காலமும் மூணாவதை மட்டும் நான் மழுப்பி வாசிக்கதாத்தான் இருந்திச்சு. ரெண்டும் தெரிஞ்ச பெண்டுகளை அத்தான் ஓர்மிக்கல்ல, நெனச்சே பாக்கல்ல."

"மத்தியானம் ரெண்டு ஆம்பிளைகளுக்கு முன்னால உன்னைக் குத்தவாளி ஆக்கினாவளே. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்லா?"

"எப்படிக்கா சொல்ல? அத்தான் மானம் போயிருமே." சரோஜம் தேங்காய்ப் பூவை ஒதுக்கிக் கூட்டினாள். "அவிய ஒரு வாட்டி என்னைப் பாத்தாவ. எனக்கு மனசிலாயிட்டு. அது போரும்."

அது போருமாம். பார்த்தாராம், மனசிலாயிற்றாம். பகவதியம்மாளுக்குத் தலை முதல் கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. காலையில் அவள் பொறாமைப்பட்டது ஒரு மைக்குக்காக. அது இப்போது கையில் இருக்கிறது. இருந்து என்ன? அந்த மனுஷருக்காகப் பழி சுமக்கிற பாத்தியதையைக்கூட இவள் எடுத்துக்கொண்டாள். கட்டின பெண்டாட்டி அவரைச் சபையில் காட்டிக்கொடுத்தவள், தம்பி பெண்டாட்டி காப்பாற்றினவள். இன்றைக்கு மட்டும் அல்ல, இனி அந்த வீட்டில் என்றைக்கும் அப்படித்தான்.

ஐந்து மணிக்குத் தென்னந்தோப்பு நிறைந்துவிட்டது. முன்னால் ஸ்ரீவராகத்து மாமிகள், அடுத்தாற்போல் முண்டும் நேரியதும் உடுத்த மணக்காட்டுப் பெண்கள், ஓரமாகச் சாலைக் கடைவீதியிலிருந்து வந்தவர்கள். ஆண்களுக்குப் பந்தலுக்குள் இடமில்லை. வக்கீலும் கமிட்டியும் ரோட்டில் பிச்சையா பிள்ளையின் காருக்குப் பக்கத்தில், ஒலிபெருக்கிக் குழாய்க்குக் கீழே நின்றார்கள்.

சரோஜத்தை வராதே என்று யாரும் சொல்லவில்லை. மேடையில் பின் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலை குனியவில்லை.

பகவதியம்மாள் மைக்கின் முன்னால் நின்றாள். அவளுடைய கையெழுத்தில் இருந்த தாளில் மூன்றாவதன் மேல் வக்கீல் நீலப் பென்சிலால் கோடு இழுத்திருந்தார். முதல் வார்த்தை சொன்னதும் தன் குரல் தென்னைமரத்து மேலிருந்து திரும்பி வருவதைக் கேட்டுத் திடுக்கிட்டாள். பிறகு சமாளித்துக்கொண்டாள்.

"ஒண்ணாவது, அரிசி விலை ஏறாமப் பாத்துக்கிடுவேன். ரெண்டாவது, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டாம்."

கை தட்டினார்கள். வாசிக்கிறது அவ்வளவு கஷ்டமாக இல்லை. நன்றாகவே இருந்தது.

"நாலாவது, கோடையிலயும் குழாயில வெள்ளம்."

"மூணாவது என்ன ஆச்சு?" லலிதாம்பாள் எழுந்து நின்றுவிட்டாள். கையில் ரோஸ் காகிதம். "நாலு வந்துடுத்து, மூணு வரலையே. ரெண்டு நோட்டீஸிலயும் ரெண்டு விதமா இருந்ததே, அதைத்தான் கேக்கறேன்."

பின்னால் மணக்காட்டுப் பெண்கள் என்ன என்ன என்று கேட்டார்கள். யாரோ ஒருத்தி மலையாளத்தில் சொன்னாள். சலசலப்பு எழுந்தது.

சொல்ல வேண்டிய பதில் பகவதியம்மாளுக்குத் தெரியும். 'மொழிபெயர்ப்பில் வந்த தப்பு.' மூன்று வார்த்தை. சொல்லிவிட்டு ஐந்தாவதுக்குப் போய்விடலாம்.

திரும்பிச் சரோஜத்தைப் பார்த்தாள். சரோஜம் லேசாகத் தலையசைத்தாள். சொல்லுங்கக்கா, பரவாயில்லை என்கிற தலையசைப்பு. அதில் ஒரு அமைதி இருந்தது. தான் செய்வதை ஒருவர் அறிவார், அது போதும் என்கிற அமைதி.

அந்த அமைதியைத்தான் பகவதியம்மாளால் பொறுக்க முடியவில்லை.

முந்தானையை அவிழ்த்தாள். தாளை எடுத்தாள்.

"மூணாவது ரெண்டு உண்டு" என்றாள் மைக்கில். "தமிழில ஒண்ணு, மலையாளத்தில ஒண்ணு. தமிழில உள்ளதை எங்க வீட்டுக்காரவிய வாயால சொன்னாவ, நான் எழுதினேன். மலையாளத்தில உள்ளதை அவியளே கைப்பட எழுதியிருக்காவ. இதா, காயிதம். சரோஜம் பேர்ல ஒரு தப்பும் கிடையாது."

ஒலிபெருக்கி அதை மணக்காட்டு ரோடு முழுக்கச் சொன்னது.

நியாயத்துக்காகச் சொன்னாள் என்று அந்தக் கூட்டம் நினைத்தது. லலிதாம்பாள் இரண்டு கையாலும் தட்டினாள். அழகியநம்பியின் பெண்டாட்டிக்காக வக்கீல் பெண்டாட்டி புருஷனையே எதிர்த்தாளாமே என்று மறுநாள் ஸ்ரீவராகத்தில் பேசிக்கொண்டார்கள். நாமும் அப்படியே நினைத்துக்கொண்டு போகலாம். ஆனால் இத்தனை வாரம் கூடவே வந்த வாசகர்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? பகவதியம்மாள் அந்தப் பழியைச் சரோஜத்தின் தலையிலிருந்து இறக்கவில்லை. பிடுங்கிக்கொண்டாள்.

ஐந்தாவதை யாரும் கேட்கவில்லை. கூட்டம் தானாகக் கலைந்தது. ஐயப்பன் பிள்ளை காரில் ஏறாமல், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், மணக்காட்டுப் பக்கம் நடந்து போனார். பிச்சையா பிள்ளை ஒலிபெருக்கிக்காரரிடம் இல்லாத வேலையெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றார்.

வக்கீல் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்களும் வருகிறவரை காத்திருந்தார். பகவதியம்மாளை அவர் பார்க்கவே இல்லை. அவள் இருந்த இடத்தில் ஒரு தென்னைமரம் நின்றிருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பார்.

"சரோஜம், ஏறு" என்றார்.

பின் இருக்கையில் மூன்று பேர் உட்காரலாம்.

"நான் அக்காகூட நடந்து வாறேன் அத்தான்" என்றாள் சரோஜம்.

வக்கீல் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கார் புறப்பட்டுப் போனது. அட்டக்குளங்கரை வழியாகக் கிழக்கேகோட்டை வீட்டுக்கு நடந்தால் அரைமணி நேரம். இரண்டு பேரும் நடந்தார்கள்.

பகவதியம்மாளுக்கு நன்றி வரவில்லை. இதையும் இவள்தான் செய்ய வேண்டுமா என்றுதான் வந்தது. தான் தனியாக நடந்து போயிருந்தால், நாலு பேர் பார்த்திருந்தால், அதிலாவது ஒரு மிச்சம் இருந்திருக்கும். அதிலும் பாதியை வாங்கிக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் பகவதியம்மாள் கேட்டாள். "ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. மஞ்சளில மாத்தி எழுதினப்போ, என்கிட்டச் சொல்ல வேண்டாம்னு சொன்னாவளா?"

"இல்லக்கா."

"பின்னே?"

சரோஜம் தயங்கினாள். "நான்தான் கேட்டேன், அக்காகிட்டச் சொல்லண்டாமான்னு. 'அவ என்னத்தைக் கேக்கப் போறா? மூணாவதா அண்ணன் சங்கதி ரோஸில இருந்தாப் போரும், அதோட திருப்தியாயிருவா'ன்னு சொன்னாவ."

கிழக்கேகோட்டைப் பக்கமிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் ஓரமாக ஒதுங்கினார்கள். பஸ் போன பிறகும் பகவதியம்மாள் நகரவில்லை.

அவள் கேட்டு, அவர் யோசித்து எழுதச் சொன்ன வரிகள். குழந்தை அழுகிறதென்று கையில் ஒரு கிலுக்கைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை அவள் பத்து நாள், நூற்றெழுபது வீடு, தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"அக்கா, வாருங்கோ, நேரமாகு."

"இந்தத் தாளில கீழே பாதி காணல்ல" என்றாள் பகவதியம்மாள். கையிலிருந்த காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். ஏழாவதோடு எழுத்து முடிந்திருந்தது. அதற்குக் கீழே தாளைக் கிழித்த தடம் தெரிந்தது. "யாரு கிழிச்சா?"

"நான்தான்."

"என்ன இருந்திச்சு அதில?"

"எட்டாவது ஒண்ணு."

"ஏழுதானே வாக்குறுதி?"

"அச்சில ஏழு. எட்டாவது அச்சுக்குப் போகல்ல. ஐயப்பன் சாருகிட்ட எழுதிக் கையில கொடுக்கதுக்காக அத்தான் சொல்லி நான் எழுதினது." சரோஜம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இதை அக்காகிட்டச் சொல்லப்பிடாதுன்னு மட்டும் அத்தான் சொன்னாவ. என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினாவ."

சத்தியம் வாங்கினாராம். அதுவும் இவள் தலையில்.

இந்நேரம் பகவதியம்மாள் விடுவிடென்று நடந்து போயிருக்கலாம். காலையிலிருந்த பகவதியம்மாளாக இருந்தால் போயிருப்பாள், வீட்டில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருப்பாள். அவள் போகவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனுஷரின் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, எவளைக் கண்டால் வயிறு எரிகிறதோ அவளிடமே கை நீட்ட வேண்டியிருந்தது.

பகவதியம்மாள் சரோஜத்தின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சொல்லு" என்றாள்.

(அடுத்த வாரம் தொடரும்)